தேயிலைக் கூடத்தோடு நான் பங்குபோட்ட அக்கா

அன்புடையீர்,

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்துவிட்டது. திவசத்துக்கு வந்து, இருந்து சாப்பிட்டு, கையில் இந்த நினைவு மலரோடு வீட்டுக்குப் போகும் உங்களில் பலர் பஸ்ஸில் இருந்தபடியே முதலில் படங்களைப் பார்ப்பீர்கள். பிறகு தேவாரப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவீர்கள். நானும் அப்படிச் செய்கிறவள்தான். ஆகையால் உங்களைக் காக்க வைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இதை எழுதும்படி என்னைக் கேட்டவர் அக்காவின் கணவர், என் அத்தான். "சின்னவள், நீர்தான் எழுத வேணும். எனக்கு எழுத இருந்தால் கை ஓடுதில்லை. நல்லதாய் எழுதும். சண்டை ஒண்டையும் எழுதிப்போடாதையும்" என்றார். நல்லதைத்தான் எழுத வந்தேன். ஆனால் அக்காவைப் பற்றிய நல்லது ஒவ்வொன்றும் எனக்கு முள்ளோடுதான் வருகிறது. உள்ளதைச் சொன்னால், அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அழுகையல்ல, பொறாமை. அழுகை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஓராண்டாகியும் அந்த வரிசை மாறவில்லை.

இப்படியான மலர்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் முறை சொல்லி எழுதுவது வழக்கம். அதன்படி நானும் அக்கா என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அவரை அப்படி அழைக்க உரித்துடையவள் உலகத்தில் நான் ஒருத்திதான். ஆனால் செத்தவீட்டில் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். வத்தளைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்த பெண்கள் ஒழுங்கை முழுவதும் நின்று "அக்கா, அக்கா" என்று குளறினார்கள். என் குரல் அதற்குள் எடுபடவேயில்லை. தூரத்துச் சொந்தமான ஒரு மாமி என்னிடம் வந்து, "பிள்ளை, நீரும் அவவோட வேலை செய்த ஆளோ?" என்று கேட்டார்.

அக்கா பிறந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். அப்பா இளவயதில் வடமராட்சியிலிருந்து வந்து புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் விற்பனைக்கு நின்றவர். அம்மா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஓர் அறையும் விறாந்தையும் கொண்ட வாடகை வீடு. அதில் அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி, நடுவில் ஒருவரும் இல்லை. ஒரே பாயில் படுத்தோம். ஒரே சீப்பால் தலை இழுத்தோம். அக்காவுடைய சட்டை சிறுத்தால் அது எனக்கு வரும். அக்காவிடமிருந்து எதுவும் நேரே எனக்குத்தான் வரும் என்று நான் பழகியது அப்படித்தான்.

அக்கா கணக்கில் கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பெறுபேறு வருமுன்னரே அக்கா களனி ஆற்றுக்கு அப்பால், வத்தளைப் பக்கத்தில், வெளிநாடுகளுக்குத் தேயிலை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பொதியிடும் கூடத்தில் சேர்ந்தார். முதல் வேலை பெட்டி மடிப்பது. பிறகு நிறுப்பது, பிறகு முடிந்த பெட்டிகளைச் சரிபார்ப்பது. இப்படி ஏறி ஏறி, இளவயதிலேயே அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர் ஆனார். கடைசி வரை அந்தப் பதவியில்தான் இருந்தார்.

அந்தப் பதவி தனக்குத்தான் என்று நெடுநாள் காத்திருந்தவர் ஒருவர் அங்கே இருந்தார். சுமனா என்ற சிங்களப் பெண்மணி. அக்காவைவிட வயதிலும் மூத்தவர், வேலையிலும் மூத்தவர். அக்கா பொறுப்பேற்ற காலை அவர் தலையை நிமிர்த்திப் பார்க்கவேயில்லையாம். அக்கா நேரே அவருடைய மேசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில், "சுமனா அக்கே, மெஷின் நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் நான் செய்வேன்" என்றாராம். பதவிக்கு வந்த அன்றே ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொல்வதை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை.

சுமனா உடனே குளிர்ந்துவிடவில்லை. மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் திரிந்தார். ஆனால் மெஷின் நின்றபோதெல்லாம் அக்கா அவரைத்தான் தேடிப் போனார். அவர் சொன்னபடி செய்தார். மேலிடம் பாராட்டினால் அவர் பெயரைச் சொன்னார். கடைசியில் ஒரு நாள் சுமனா அக்காவை 'நங்கி' என்று கூப்பிட்டார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. வீட்டுக்கு வந்து அக்கா அதை அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருக்கும் தங்கச்சி பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கி வந்த நாள் அது. அந்தக் கதை நடுவில் புகுந்ததால் என் கோப்பையை அம்மா இரவுவரை பார்க்கவேயில்லை.

இனி அந்தக் கூடத்து வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலை பொல்லாத சாமான். பக்கத்தில் எந்த மணம் இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். பவுடர், சென்ட், தலையில் வைத்த மல்லிகைப்பூ, கோயில் சந்தனம், அலுமாரிப் பூச்சி உருண்டை, காலையில் பொரித்த கருவாடு, எதுவும் உள்ளே வரக்கூடாது. மணம் ஏறிய தேயிலை கடல் கடந்து போய் அங்கே ஒருவர் அதைக் கோப்பையில் கண்டுபிடித்தால் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால் காலையில் ஒவ்வொருவரையும் வாசலில் மணந்து பார்த்து உள்ளே விடுவது மேற்பார்வையாளரின் வேலை. அக்காவுக்கு முன்னிருந்தவர் அதைச் சோதனைச்சாவடி போல நடத்தினாராம். வரிசையில் நிறுத்தி, மோந்து, பிடிபட்டவரை எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்புவாராம்.

அக்கா வரிசையை எடுத்துவிட்டார். வாசலில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக் கதைப்பார். பஸ் கிடைத்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கேட்பார். கதை நடக்கும்போதே மூக்கு தன் வேலையை முடித்துவிடும். ஏதாவது பிடிபட்டால் அவருடைய காதுக்கு மட்டும் ஒரு சொல். அவர் சிரித்தபடி கழுவும் அறைக்குப் போவார். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மூக்கால் அக்கா பூவையும் பவுடரையும் மட்டும் அறியவில்லை. யார் இரவு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார், யாருடைய உடுப்பு மழைக்குக் காயாமல் ஈரத்தோடு வந்திருக்கிறது, யாருடைய வீட்டில் புருஷன் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்பதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடும். அதற்கேற்றபடி அன்றைய வேலையைப் பிரிப்பார். தூங்காமல் வந்தவரை ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் விடமாட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டார். கெட்டிக்கார மேற்பார்வையாளர் என்று நிறுவனம் மெச்சியது இந்த மாதிரியான காரியங்களுக்காகத்தான்.

அப்பா காலமான பிறகு நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் என்பதால் நன்றாகப் பவுடர் பூசிக்கொண்டு போயிருந்தேன். அக்கா என் கையைப் பிடிக்கவில்லை. என் காதைத் தேடவும் இல்லை. "முகத்தைக் கழுவிக்கொண்டு வா. வீட்டிலயே சொன்னனான்தானே" என்று வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அவையளுக்கெல்லாம் காதுக்குள்ள. எனக்கு மட்டும் ஏன் ஊர் கேக்கச் சொன்னனீங்கள்?"

"நீ என்ர தங்கச்சி. உனக்கும் காதுக்குள்ள சொன்னா, இவ தங்கச்சிக்கு என்ன சலுகை குடுக்கிறாவோ எண்டு நினைப்பினம். சத்தமாச் சொன்னாத்தான் அவையளுக்கு நம்பிக்கை வரும்."

பதில் சரியானதுதான். சரியான பதிலால் வயிற்றெரிச்சல் அடங்கியதாக எனக்குத் தெரிந்து எங்கும் நடக்கவில்லை. சில காலத்தில் என் ஆங்கிலத்தைப் பார்த்து என்னை மாடிக்கு, கப்பற் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கீழே நான் இருந்த கதிரைக்கு நஸீமா வந்தார். கிராண்ட்பாஸைச் சேர்ந்த முஸ்லிம் பெண். என் வயதுதான். வந்த புதிதில் பெட்டியைத் தலைகீழாக ஒட்டுவார். அக்கா பக்கத்தில் இருந்து தானும் நாலு பெட்டி ஒட்டி, கதை கேட்டபடியே அவருடைய கையைத் திருத்திவிடுவார். எனக்கு வீட்டில் பிட்டு அவிக்கச் சொல்லித் தந்தபோது அந்தப் பொறுமையில் பாதியாவது இருந்ததாக ஞாபகம் இல்லை.

மத்தியானங்களில் என் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். அக்கா கூடத்துப் பெண்களோடு வட்டமாக இருப்பார். சுமனாவின் பொல் சம்பலில் கொஞ்சம், நஸீமாவின் இறைச்சியில் ஒரு துண்டு என்று எல்லோருடைய பார்சலும் எல்லோருக்கும் போகும். நான் போய் இருந்ததும் கதை நின்றுவிடும். நான் மாடி ஆள். அக்கா மட்டும் "என்ன கறி?" என்று கேட்பார். கொஞ்ச நாளில் நான் மாடியிலேயே சாப்பிடப் பழகினேன்.

அக்கா திருமணமாகி வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டுக்குக் குடிபோனார். அத்தானுக்குக் காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நான் கொட்டாஞ்சேனையிலேயே மணமாகித் தங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து வத்தளைப் பக்கம் என்றால் கொழும்பின் ஒரு தலையிலிருந்து மறுதலை. "இங்க கிட்டடியில ஒரு வேலை பாரும்" என்று அத்தான் சொல்லிச் சொல்லிக் களைத்தார். "அவையளை விட்டிட்டோ?" என்பது அக்காவின் பதில். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்தத் துக்கத்தை அக்கா யாரிடமும் கதைத்ததில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அம்மா தேற்றுவார். தன் தங்கச்சிக்கு என்ன ஆகும் என்று அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை.

கொரோனாக் காலத்தில் அக்காவும் அத்தானும் அந்த நோயில் படுத்தெழும்பினார்கள். பிறகு முகக்கவசம் போடும் காலமும் முடிந்து எல்லோருடைய மூக்கும் வெளியே வந்தது. அக்காவுக்கு மணம் மட்டும் திரும்பி வரவேயில்லை. பூவும் ஒன்று, கருவாடும் ஒன்று. இப்போது இதை இலகுவாக எழுதிவிட்டேன். அப்போது எனக்கு இது தெரியாது. அத்தானுக்குத் தெரியும், கூடம் முழுவதற்கும் தெரியும். அக்காவுடன் ஒரே பாயில் படுத்து வளர்ந்த எனக்குத் தெரியாது.

நான் அறிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தை வீட்டில். நான் போயிருந்தபோது நஸீமாவும் பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பத்தோடு வந்திருந்தார். தேநீருக்குப் பால் அடுப்பில் இருந்தது. குசினி வாசலுக்குக் கிட்ட இருந்தவர் அக்கா. பால் பொங்கி வழிந்து கருகத் தொடங்கியது. வீடெல்லாம் வாடை. அக்கா எழும்புவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதையை நிறுத்தவில்லை. நஸீமாதான் எழும்பிப் போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, அக்காவின் தோளில் கை வைத்து, "பால் கொஞ்சம் அடிபுடிச்சிட்டு அக்கா, நான் ஓஃப் பண்ணிட்டேன்" என்றார். "நல்லதாப் போச்சு" என்று அக்கா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். இது அவர்களுக்குள் பலமுறை நடந்து பழகிய காரியம் என்று பார்த்த உடனே விளங்கியது.

"அக்கா, உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

அத்தான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா "இல்லை. கன நாளா இல்லை" என்றார்.

"நஸீமாவுக்குத் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும்தானே" என்ற நஸீமா, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஒங்களுக்குச் செல்லல்ல என்டு எனக்குத் தெரியா. அல்லாவே, மன்னிச்சிக்கங்க."

நஸீமா போன பிறகு நான் அக்காவோடு சண்டை பிடித்தேன். அத்தான், சண்டை எழுத வேண்டாம் என்றீர்கள், இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். வழியில் போகிறவளுக்குச் சொல்லலாம், ஒரே வயிற்றில் கூடப் பிறந்தவளுக்குச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். இன்னும் பலதும் கேட்டேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"உனக்குச் சொன்னா நீ அழுவாய். பிறகு நான் உன்னைத் தேத்தவேணும். அந்த நேரம் எனக்கு என்னைப் பாக்க ஆள் தேவையாயிருந்தது."

அன்று தேநீர் குடிக்காமல் பஸ் ஏறினேன். அழக்கூடாது என்றிருந்தேன். மருதானை வருமுன்னரே அழுதுவிட்டேன், அதுவும் அந்த அழுகையே அக்கா சொன்னதைச் சரியாக்கிவிட்டதே என்ற கோபத்தில்.

முழுக் கதையையும் நான் பிறகு சுமனாவிடம் கேட்டு அறிந்தேன். பாம்பின் கால் பாம்பறியும் என்பதால் அவரிடம் போனேன். எரிச்சலை அறிந்தவர் ஒளிக்காமல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். மணம் வராது என்று வைத்தியர் கைவிரித்த அடுத்த காலை, மெஷின்களைப் போடுமுன் அக்கா எல்லோரையும் கூட்டினாராம். "எனக்கு மணம் தெரிவதில்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. இதை முகாமையாளரிடம் நான் சொல்லியே ஆகவேண்டும். வெறுங்கையோடு போய்ச் சொன்னால் என்னை மாற்றிவிடுவார்கள். உங்களுக்கு ஒரு வழி தோன்றினால் அதைக் கொண்டு போகிறேன். அதுவரை வாசலை சுமனா அக்கே பார்க்கட்டும். அதற்கு முன்னால் யாராவது மேலே போய்ச் சொல்ல விரும்பினால் அது உங்கள் விருப்பம். நான் கோபிக்கமாட்டேன்" என்றாராம். தன் பிழைப்பைத் தன்னிடம் வேலை செய்பவர்களின் கையில் கொடுத்துவிட்டு, அன்றைய வேலையைப் பிரிக்கத் தொடங்கினாராம்.

"மேலே போய்ச் சொல்ல உங்களுக்கு ஆசை வரவில்லையா? அந்தக் கதிரை உங்களுக்குக் கிடைத்திருக்குமே" என்று கேட்டேன்.

"பொய் ஏன் சொல்ல வேண்டும்? மாடிப்படி வரைக்கும் போனேன். பிறகு யோசித்தேன். நான் மேலே போனால் அந்தக் கதிரை கிடைக்கும். நங்கி என்று கூப்பிட ஆள் இருக்காது. திரும்பி வந்துவிட்டேன்" என்றார் சுமனா.

வழியைக் கண்டுபிடித்தது நஸீமா. முதலில் வந்தவர் வாசலில் நின்று அடுத்து வருபவரை மணந்து பார்த்த பிறகுதான் உள்ளே போகலாம். அந்த அடுத்தவர் தனக்குப் பின்னால் வருபவரைப் பார்க்க வேண்டும். இப்படியே கடைசி ஆள் வரை. கேட்க எளிது. நடத்திப் பார்த்தால் சண்டை. ஒருத்தி இன்னொருத்தியிடம் உன்னில் கருவாடு மணக்கிறது என்று சொன்னால், கொழும்பில் அது கருவாட்டோடு நிற்காது. இனம், மதம், வீடு, வளவு எல்லாம் வெளியே வரும். முதல் கிழமையிலேயே இரண்டு பேர் கதைக்காமல் விட்டார்களாம். அதற்காகத்தான் அக்கா தொடர்ந்து வாசலில் நின்றார். மணத்தை மற்றவர்கள் பார்த்தார்கள். அந்தச் சொல் சொல்லப்படும் விதத்தை அக்கா பார்த்தார். சத்தமாகச் சொன்னவரைக் கூப்பிட்டு, அவரிடம் மெல்லச் சொன்னார். மெல்ல மெல்ல எல்லோரும் பழகிவிட்டார்கள். மாடிக்கு வேறு வாசல் என்பதால் இதொன்றும் என் கண்ணில் படவில்லை.

அது ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பிறகு அக்கா தானே மாடிக்கு வந்து முகாமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சில காலைகள் கீழே வந்து நின்று பார்த்தார். "ஒரு மூக்கு போச்சு, கூடம் முழுக்க மூக்கு வந்திருக்கு. எனக்கென்ன நட்டம்?" என்று சிரித்துவிட்டு, அதையே நிறுவனத்தின் முறையாக்கிவிட்டார். இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்றுண்டு. முகாமையாளரின் அறைக்கு என் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். அன்று அக்கா என் மேசையடியில் நின்று, "சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நெடுநாள் முன்னால் நடந்தது அது. முகாமையாளருக்குக்கூட எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறது.

பிறகு நோய் வந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டுபிடித்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்: அந்தத் துயரத்துக்குள்ளும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இனி அக்கா என்னுடையவர், கூடம் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளே கூடம் வந்து கதவைத் தட்டியது. யார் எந்த நாள் வருவது என்று தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், துணி துவைத்தார்கள், லிஃப்ட் பழுதான நாட்களில் தண்ணீர்ப் போத்தல்களைப் படியில் தூக்கி வந்தார்கள். நான் வாசலில் நின்று "அக்கா நித்திரை" என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லை, நாங்க குசினியில ஈக்கிறோம்" என்று நஸீமா உள்ளே போய்விடுவார்.

அக்காவுக்கு வயிற்றில் குழாய் வைத்திருந்தார்கள். குழாய் வைத்த புண்ணில் மணம் இருந்தது. அத்தனை பேருடைய மணத்தையும் அறிந்து நடந்தவருக்குத் தன்னுடையதை அறிய வழியில்லை. யாராவது வரப்போகிறார்கள் என்றால் என்னைக் கூப்பிட்டு, "என்னில மணக்குதோ?" என்று கேட்பார். "இல்லை அக்கா. ஒரு மணமும் இல்லை" என்பேன். வேறு என்ன சொல்வது? அக்கா நஸீமா வரும்வரை காத்திருப்பார். அவர் செருப்பைக் கழற்றுமுன்னரே அதே கேள்வியைக் கேட்பார். "ஓம் அக்கா, கொஞ்சம் மணக்குது. வாங்க, தொடச்சி விடுறேன்" என்பார் நஸீமா. அக்காவின் முகம் தெளிந்துவிடும். வெந்நீர்ச் சட்டியைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நிற்பேன். நஸீமாவை வரவேண்டாம் என்று சொல்லும்படி அத்தானிடம் கேட்டேன். "அவதானே கேக்கிறா. நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார் அத்தான்.

கடைசி நாள் நல்ல மழை. காலி வீதியில் வெள்ளம் நின்று பஸ்கள் நகரவில்லை. வழியில் நிற்பதாக நஸீமா போன் பண்ணினார். அத்தானின் தமையன் அக்காவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். அக்காவுக்கு அன்று மூச்சு வாங்கியது. என்றாலும் கேட்டார்.

"என்னில மணக்குதோ?"

வாயில் வழக்கமான பதில்தான் வந்தது. விழுங்கிவிட்டேன். "ஓம் அக்கா, மணக்குது. நல்லாத்தான் மணக்குது" என்றேன். அழாமல் சொன்னேன்.

அக்கா என்னை வடிவாகப் பார்த்தார். "அப்ப கழுவு" என்றார். தண்ணீரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எந்தப் பக்கம் சரிக்க வேண்டும், எந்தத் துணியை முதலில் எடுக்க வேண்டும், குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஓர் இடத்தில் அவசரப்பட்டேன். "மெல்ல. உனக்கு வருது" என்றார். நான் அக்காவிடம் வேலை பழகியது அன்றுதான். முடிந்ததும் வேறு சேலை மாற்றி, தலை இழுத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். மத்தியானம் மூச்சு அடங்கியது. அத்தானும் நானும் பக்கத்தில் இருந்தோம். நஸீமா முழங்கால் வரை நனைந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா நோயுற்றிருந்த காலத்தில் பார்த்துப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், மழையையும் வெள்ளத்தையும் பாராமல் செத்தவீட்டுக்கு ஓடிவந்த உறவினர்களுக்கும், அயலில் அடுப்பு மூட்டி எங்களுக்குச் சோறு தந்த கீழ்மாடிக் குடும்பத்துக்கும், கிரியைகளை முறைப்படி செய்வித்த ஐயருக்கும், தன் துக்கத்தை அடக்கிக்கொண்டு எல்லோரையும் உபசரித்த அத்தானுக்கும், இன்று வந்து எங்களோடு இருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

சுமனாவுக்கும் கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் நன்றி. அக்காவின் பதவி இப்போது சுமனாவிடம் இருக்கிறது. அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

நஸீமா, உங்களுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையில் எழுதக் கஷ்டமாயிருந்த வரி இதுதான். அக்கா கடைசியாக என்ன சொன்னார் என்று அன்று கதவடியில் நின்று கேட்டீர்கள். முப்பத்தோராம் நாள் கிரியையிலும் கேட்டீர்கள். இன்று பந்தியிலும் கேட்பீர்கள். அத்தானுக்கும் காதில் விழவில்லை, ஆகையால் அவரைக் கேட்டுப் பயனில்லை. மற்ற எல்லாவற்றையும் உங்களோடு பங்குபோட்டுவிட்டேன். அதை மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
அவருடைய ஒரே தங்கச்சி